நாற்பத்தொரு வருடம் துவைக்காத ஜாக்கெட்

அறுபத்திரண்டு வயதில் ஒரு மனிதன் மனைவிக்குத் தெரியாமல் என்ன செய்துவிட முடியும்? நெவில் ஹார்கட் மூன்று வாரம் இதை யோசித்தார். நான்காவது வாரம் செவ்வாய்க்கிழமை காலை, டோஸ்டில் வெஜிமைட் தடவிக்கொண்டிருந்தபோது முடிவெடுத்துவிட்டார். ஒரு ரகசியச் சங்கத்தில் சேர்வது.

ஆட்சியைக் கவிழ்க்கும் சங்கம் இல்லை. ஹெவி மெட்டல் கேட்கும் கிழவர்களின் இணையச் சங்கம். அதை ஏன் ரகசியமாக வைத்துக்கொள்ள வேண்டும்? யாரும் தடுக்கவில்லை. ஆனால் கல்யாணமாகி முப்பத்தைந்து வருடமான ஒரு வீட்டில், தனக்கென்று ஒளித்து வைக்க ஒன்றாவது இருந்தால்தான் ஆள் உயிரோடு இருக்கிறான் என்று அவருக்கு ஓர் எண்ணம். அது சரியா தவறா என்று பலமுறை யோசித்திருக்கிறார். யோசித்து முடிப்பதற்குள் ரேலீன் சாப்பிடக் கூப்பிட்டுவிடுவாள்.

போர்ட் கெம்ப்ளா எஃகு ஆலையில் முப்பத்தாறு வருடம் கிரேன் ஓட்டியவர் நெவில். "நாள் பூரா இரும்பு இரும்போட மோதற சத்தத்தைக் கேட்டுட்டு வந்து, அதையே கடையில வாங்கிக் கேக்கற ஒரே ஆள் நீதான்" என்பாள் ரேலீன். அது உண்மையில்லை. இன்னொரு ஆளும் இருந்தான். டிராகி. நெவில் மேலே கிரேனில் இருக்கும்போது கீழே நின்று கை சைகை காட்டியவன். ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு டிராகியின் கராஜில் இரண்டு நாற்காலி, ஒரு இசைத்தட்டு. முப்பது வருடம். இருவரும் பேசிக்கொண்டதில்லை. நல்ல இடம் வரும்போது ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்துத் தலையாட்டுவார்கள். அவ்வளவுதான்.

டிராகி போன வருடம் போய்விட்டான். சாகவில்லை. அதைவிட மோசம். பெர்த்தில் மகள் வீட்டுக்குப் போய், அங்கே யுகுலேலே என்ற குட்டி கிதார் வாசிக்கக் கற்றுக்கொள்கிறான்.

அதன்பிறகு நெவில் தோட்டத்துக் கொட்டகையில் தனியாக உட்கார்ந்து, ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டார். பாட்டெல்லாம் அதே பாட்டுதான். ஆனால் நல்ல இடம் வரும்போது தலை தானாகப் பக்கத்தில் திரும்பும். அங்கே புல்வெட்டும் இயந்திரம் இருக்கும். அது தலையாட்டாது. ஒரு மனிதன் தாங்கிக்கொள்ளக்கூடிய துக்கங்களில் இது சின்னதுதான் என்று நெவில் தனக்குச் சொல்லிக்கொண்டார். சின்னதுதான் என்றாலும் ஒவ்வொரு ஞாயிறும் வந்தது.

சங்கத்தின் பெயர் 'கசடுமேடு'. ஆலையில் இரும்பை உருக்கி எடுத்தபின் மிஞ்சும் கழிவைக் கொட்டும் இடம். பெயரைப் பார்த்ததும் சொந்த ஊருக்கு வந்தது போலிருந்தது. இருநூற்றுப் பதின்மூன்று உறுப்பினர்கள். பாதிப் பேருக்கு முட்டி மாற்று அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. நிர்வாகியின் பெயர் கோடாரி. நியூசிலாந்தில் டனீடின் ஊரில் ஓய்வுபெற்ற நூலகர். அடுத்த முக்கியஸ்தர் பனிப்பிணம். பின்லாந்தில் பிரசவ வார்டில் நர்ஸ். நெவில் தனக்கு 'கிரேன் அரக்கன்' என்று பெயர் வைத்துக்கொண்டு சேர்ந்தார்.

முதல் நாளே ஒரு பழைய இசைத்தட்டைப் பற்றி நாலு வரி எழுதினார். மூன்றாவது பாட்டில் டிரம்ஸ் நின்று, ஒரு மூச்சு விட்டு, மறுபடி இறங்கும் இடத்தில் தனக்கு இப்போதும் கண் தானாக மூடிக்கொள்கிறது என்று எழுதினார். இருபது நிமிடத்தில் பனிப்பிணம் பதில் போட்டார்: "எனக்கும். அந்த இடத்துக்காகவே நான் பஸ்ஸில் ஒரு ஸ்டாப் தாண்டி இறங்குவேன்."

நெவில் அந்த வரியை ஆறு தடவை படித்தார். புல்வெட்டும் இயந்திரத்தைத் திரும்பிப் பார்த்தார். உலகத்தில் ஆள் இருக்கிறது.

"அங்க என்ன இவ்வளவு நேரமா டைப் அடிக்கிற?"

கொட்டகை வாசலில் ரேலீன். கையில் துணிக்கூடை.

"ஆர்க்கிட்" என்றார் நெவில்.

ஏன் அந்தச் சொல் வாயில் வந்தது என்பது இன்றுவரை தெரியவில்லை. எதிரே மருந்துக்கடைக் காலண்டரில் அந்த மாதத்துக்கு ஆர்க்கிட் படம் போட்டிருந்தது. அடுத்த மாதம் கேட்டிருந்தால் கங்காரு என்று சொல்லியிருப்பார்.

"ஆர்க்கிட்டா?"

"வளக்கறவங்க சங்கம். இன்டர்நெட்ல. சேந்திருக்கேன்."

"நீயா? இந்த வீட்ல நீ தண்ணி ஊத்தின ஒரே செடி பிளாஸ்டிக் செடி."

"அதான், கத்துக்கலாம்னு."

"ஆர்க்கிட் சங்கத்துல எல்லாரும் இப்படித்தான் தலைய ஆட்டுவாங்களா? ஜன்னல் வழியா பாத்தேன். கழுத்து சுளுக்கிக்கப் போகுது."

"அது... ஆமோதிக்கறது."

"அவ்வளவு பலமா ஆமோதிக்கற மாதிரி ஆர்க்கிட்ல என்ன இருக்கு?"

"நெறைய இருக்கு, ரே."

"நல்லது நெவ். கத்துக்கோ."

குரல் ரொம்ப மென்மையாக இருந்தது. அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

மறுநாள் சாப்பாட்டு மேஜையில் ஒரு ஆர்க்கிட் தொட்டி. மறுவாரம் இன்னொன்று. "சங்கத்துல கேட்டுச் சொல்லு, இது ஏன் இலை மஞ்சளாகுதுன்னு" என்றாள் ரேலீன். ஒரு பொய்யைச் சொன்னவன் அதற்குத் தண்ணீர் ஊற்றியாக வேண்டும். நெவில் வேறு வழியில்லாமல், மண்டை ஓட்டுப் படங்களுக்கு நடுவே, கசடுமேட்டிலேயே அந்தக் கேள்வியைப் போட்டார். அரை மணியில் பனிப்பிணம் பதில் எழுதினார்: "தண்ணீரைக் குறை. ஜன்னலை விட்டு ஒரு அடி தள்ளி வை." அவர் வீட்டில் பதினொரு ஆர்க்கிட் இருந்ததாம்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. சிக்கல் ஜாக்கெட்டில் வந்தது.

கசடுமேட்டில் சேர்ந்தவுடன் எல்லாம் கிடைத்துவிடாது. முதல் முப்பது நாள் சோதனைக் காலம். உள்ளே எழுதலாம், படிக்கலாம். ஆனால் ஞாயிறு மதியக் கூட்டுக் கேட்பில் சேர முடியாது. அதுதான் சங்கத்தின் உயிர். சிட்னி நேரம் இரண்டு மணிக்கு, உலகத்தின் எல்லா மூலையிலும், எல்லாரும் ஒரே இசைத்தட்டில் ஒரே நொடியில் ஊசியை வைப்பார்கள். பாட்டு ஓட ஓட எழுதிக்கொள்வார்கள். நல்ல இடம் வரும்போது இருநூறு பேர் ஒரே சமயத்தில் தலையாட்டுவார்கள். ஞாயிறு, இரண்டு மணி. நெவிலுக்கு அந்த நேரமே ஓர் அழைப்பு போலிருந்தது.

அதற்குள் நுழைய ஜாக்கெட் படம் வேண்டும். கை வெட்டிய ஜீன்ஸ் ஜாக்கெட், அதன்மேல் பிடித்த இசைக்குழுக்களின் துணிச் சின்னங்கள். வயதான ரசிகனுக்கு அதுதான் ஜாதகம். மூன்று சட்டங்கள் உண்டு. அடுத்தவன் ஜாக்கெட்டை வாங்கி மாட்டக் கூடாது. ஒவ்வொரு சின்னத்தையும் அவரவர் கையால் தைத்திருக்க வேண்டும். நூல் அறாமலிருக்க, பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் பல்நூலால் தைப்பது மரபு. மூன்றாவது, ஒருபோதும் துவைக்கக் கூடாது.

நெவிலிடம் ஜாக்கெட் இருந்தது. ஆனால் சட்டப்படி இல்லை. அதாவது வீட்டுச் சட்டப்படி.

1984-இல் தொடங்கியது அது. 1987-இல் வொல்லாங்காங் மதுக்கடை ஒன்றில் நடந்த நிகழ்ச்சியில், கிதார் வாசித்தவன் மேடையிலிருந்து ஒரு ஜக் பீரை நெவிலின் தலையில் கவிழ்த்தான். அதை ஞானஸ்நானமாக எடுத்துக்கொண்டார். 1996-இல் இரண்டாவது குழந்தை பிறந்தபோது ரேலீன் மூக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "ஒண்ணு அது வீட்ல இருக்கும், இல்ல பாப்பா இருக்கும்." நெவில் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டதாகச் சொன்னார். போடவில்லை. ஆட்டுப் புழுக்கை உரச் சாக்குக்குள், ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி, புதைத்து வைத்தார். இருபத்தொன்பது வருடத்தில் கொட்டகைக்குள்ளேயே ஏழு இடம் மாற்றினார். வருடத்துக்கு ஒரு முறை எடுத்து மோந்து பார்ப்பார். பீர் மணம் அப்படியே இருக்கும். துணி ஏனோ வர வர மெத்தென்று ஆகிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்துத் துணியே வேறு என்று நினைத்துக்கொள்வார்.

வியாழக்கிழமை ரேலீன் நீச்சல் குளத்துக்கு உடற்பயிற்சிக்குப் போனதும், ஜாக்கெட்டை எடுத்து ஹேங்கரில் மாட்டிப் படம் பிடித்தார். முன்பக்கம் ஐந்து சின்னம், பின்பக்கம் ஐந்து. கீழே எழுதினார்: "என் கையால், பல்நூலால், ஒவ்வொரு தையலும். நாற்பத்தொரு வருடம்."

ரேலீன் ஈரத் தலையோடு திரும்பினாள். தேநீர்க் கெட்டிலைப் போட்டாள்.

"நெவ், ஞாயித்துக்கிழமை ஃப்ரீயா வெச்சுக்கோ. ரெண்டு மணிக்கு."

"ரெண்டு மணிக்கா?"

"என் தங்கச்சி கெய்லீனோட தோட்டக் குழு. நீ ஆர்க்கிட் பத்திப் பேசறேன்னு சொல்லிட்டேன். நாப்பது பேர் வராங்க."

"நாப்பது பேரா? ரே, நான் சேந்தே ஒரு மாசம்தான் ஆகுது."

"அந்தத் தலையாட்டலப் பாத்தா ஒரு மாசம் மாதிரியே தெரியல. சிலைடு போட்டுக் காட்டுவியா, சும்மாவே பேசுவியா?"

நெவில் டீயைக் குடித்தார். நாக்கு வெந்தது. அன்று மாலை நூலகத்திலிருந்து ஆர்க்கிட் புத்தகம் இரண்டு கொண்டுவந்தார்.

வெள்ளிக்கிழமை காலை கோடாரியின் தீர்ப்பு வந்திருந்தது.

"கிரேன் அரக்கனுக்கு. படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பத்துச் சின்னங்களில் மூன்றில் மட்டும் பல்நூல் இருக்கிறது. அந்தத் தையல் ஒரு குடிகாரக் கோழி நடந்தது போலிருக்கிறது, அது உண்மையானது. மற்ற ஏழும் நீல நூலில், ஓரம் முழுக்கக் காஜா எடுத்தது போல, இம்மி பிசகாமல் தைக்கப்பட்டவை. இரண்டும் ஒரே கை இல்லை. இது வாங்கிய ஜாக்கெட் என்று நினைக்கிறேன். ஞாயிறு இரண்டு மணிக்குள் விளக்கம் இல்லையென்றால் உங்கள் பெயர் நீக்கப்படும். வருத்தத்துடன், கோடாரி."

பின்லாந்திலிருந்து ஒரே ஒரு வரி: "அப்படி இருக்காது என்று நம்புகிறேன்." அந்த வரிதான் தாங்க முடியவில்லை.

நெவில் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு, டார்ச், படிக்கும் கண்ணாடி, பூதக் கண்ணாடி மூன்றையும் வைத்துப் பார்த்தார். கோடாரி சொன்னது உண்மை. ஏழு சின்னங்களிலும் நீல நூல். முதுகில் ஒரு கிழிசலை இழை தெரியாமல் அடைத்திருந்தார்கள். நாற்பத்தொரு வருடம் தன் தோலாக நினைத்த ஒன்றில் வேறு யாரோ கை வைத்திருக்கிறார்கள். வருடா வருடம் எடுத்தோமே, பார்த்தோமா? இல்லை. மோந்துதான் பார்த்தோம். ஒரு பொருளை நேசிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு அதைக் கண் திறந்து பார்க்காமலே இருந்துவிட முடிகிறது. இதை நினைத்து அவர் கொஞ்ச நேரம் உரச் சாக்கின்மேல் உட்கார்ந்திருந்தார்.

பிறகு பெர்த்துக்குப் போன் போட்டார்.

"டிராகி, என் ஜாக்கெட்ட நீ தைச்சியா?"

"டேய், ஒரு வருஷம் கழிச்சுப் பேசற. சவுக்கியமான்னு கேளு மொதல்ல."

"சவுக்கியமா? தைச்சியா?"

"எனக்கு ஊசில நூல் கோக்கவே தெரியாது. என் பேன்ட் கிழிஞ்சா ஸ்டேப்ளர் அடிக்கறவன் நான். என்ன நூல்?"

"நீலம். கருநீலம். காஜா மாதிரி தையல்."

அந்தப் பக்கம் யுகுலேலேயின் ஒரு தந்தி டங்கென்று ஒலித்தது.

"நெவ், உன் பசங்க ஸ்கூல் யூனிபார்ம் என்ன கலர்?"

"கருநீலம்."

"அதுக்குப் பட்டன் தைச்சது யாரு?"

நெவில் ஜாக்கெட்டின் நீலத் தையலை விரலால் தடவினார்.

"முப்பத்தாறு வருஷம் உனக்குக் கீழ நின்னு கை காட்டினேன்" என்றான் டிராகி. "இன்னும் காட்ட வேண்டியிருக்கு."

இருக்காது என்றார் நெவில் தனக்குள். அவளுக்குத் தெரிந்திருந்தால் வீடு இரண்டாகியிருக்குமே. நேரடியாகக் கேட்கவும் வழியில்லை. கேட்டால் ஜாக்கெட் இருப்பது தெரிந்துவிடும். ஆகவே ஒரு தந்திரம் செய்தார். கிரேன் ஓட்டிய மூளை. பாரத்தை நேராக இழுக்காது, சுற்றிக்கொண்டு வரும். தன் சட்டையின் பட்டன் ஒன்றைப் பல்லால் கடித்துப் பிய்த்தார். தையலையும் நூலையும் ஒப்பிட்டுப் பார்த்தால் போதும்.

"ரே, பட்டன் விழுந்துடுச்சு. தைச்சுத் தரியா?"

"அதுவா விழுந்துச்சா?"

"அதுவாத்தான்."

"பல்லுக்கு ஒண்ணும் ஆகலியே?"

"பல்லுக்கா? இல்லையே. ஏன்?"

"சும்மா கேட்டேன். வயசாகுதில்ல."

சனிக்கிழமை காலை சட்டை மடித்து நாற்காலியில் இருந்தது. நெவில் அதைக் கொட்டகைக்கு எடுத்துப்போய் விளக்குக்கடியில் விரித்தார். பட்டன் உறுதியாக இருந்தது. நூல் நீலம் இல்லை. வெள்ளை. மெழுகு போல வழவழத்தது. புதினா வாசனை அடித்தது.

பல்நூல்.

அவர் நிமிர்ந்தபோது ரேலீன் வாசலில் இரண்டு குவளை டீயோடு நின்றிருந்தாள்.

"அதுதான் நல்லா நிக்கும்னு யாரோ சொன்னாங்க" என்றாள். "என் அனுபவத்துல அப்படி இல்ல. நீ பல்நூல்ல தைச்சதெல்லாம் பல்லு மாதிரியே ஒவ்வொண்ணா விழுந்துச்சு."

"எப்பலேர்ந்து, ரே?"

"தொண்ணூத்தாறு."

"தொண்ணூத்தாறுலதானே ஒளிச்சேன்."

"எலுமிச்சைக்குப் போட உரம் எடுக்கக் கைய விட்டேன். நீ ஒளிச்சு ஒன்பது நாள் ஆயிருந்துச்சு."

நெவில் டீயை வாங்கிக்கொண்டார். உட்கார இடம் தேடினார். உரச் சாக்குதான் இருந்தது.

"ஏழு இடம் மாத்தினேன்."

"தெரியும். மூணாவது இடம் நல்லா இருந்துச்சு. பெயின்ட் டின்னுக்குப் பின்னால. கண்டுபிடிக்க ரெண்டு நாள் ஆச்சு."

"அப்பவே ஏன் சொல்லல?"

ரேலீன் புல்வெட்டும் இயந்திரத்தின்மேல் உட்கார்ந்தாள். "நீ ஷிப்ட் முடிச்சு இங்க வந்து பத்து நிமிஷம் இருந்துட்டு வீட்டுக்குள்ள வருவ. அந்தப் பத்து நிமிஷத்துக்கப்புறம் மனுஷனா இருப்ப. அதப் போய் யாராவது கெடுப்பாங்களா? அந்த எலும்புக்கூட்டு சின்னம் ஒரு பக்கம் தொங்கிட்டு இருந்துச்சு. பசங்க யூனிபார்ம் தைச்சு மீந்த நூல் இருந்துச்சு. தைச்சேன். அப்புறம் அடுத்தது விழுந்துச்சு."

இருபத்தொன்பது வருடம் ஒருவர் ஒளித்து வைத்ததை இன்னொருவர் பழுது பார்த்துக்கொண்டே இருந்தால், அந்த ரகசியம் யாருடையது? தன் வாழ்க்கையில் தனக்கென்று இருந்த ஒரே மூலையிலும் இவள் ஊசியோடு உட்கார்ந்திருந்திருக்கிறாள். கோபம் வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார். வரவில்லை. வேறு ஏதோ வந்தது. டிரம்ஸ் நின்று, ஒரு மூச்சு விட்டு, மறுபடி இறங்கும் இடத்தில் வருவது போல ஒன்று.

"சங்கத்துலேர்ந்து நீக்கப் போறாங்க, ரே" என்றார். "என் கையால தைக்கலயாம். நாளைக்கு ரெண்டு மணிக்குள்ள சொல்லணும்."

"ஆர்க்கிட் சங்கத்துலயா?"

"ரே."

"சரி சரி. உண்மையச் சொல்லு அவங்களுக்கு."

"உண்மையச் சொன்னாலும் சட்டம் சட்டம்தான். அவரவர் கைன்னு போட்டிருக்கு. அந்த ஆள் நூலகரா இருந்தவர். நாளைக்கு எனக்கு மறுபடி இந்த மெஷின்தான்."

அவள் எழுந்து, தான் உட்கார்ந்திருந்த மெஷினைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். குவளைகளை எடுத்துக்கொண்டு போனாள்.

ஞாயிறு ஒன்றரை மணி. நெவில் ஜாக்கெட்டை மடியில் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். ரேலீன் ஒரு மடக்கு நாற்காலியையும், ஒரு கிண்ணம் பட்டாணியையும் கொண்டுவந்து பக்கத்தில் போட்டாள்.

"கெய்லீன் தோட்டக் குழு?" என்றார் நெவில். "நாப்பது பேர் காத்திருப்பாங்களே. நான் ரெண்டு புத்தகம் முழுசாப் படிச்சிட்டேன்."

"அப்படி ஒரு குழுவே இல்ல, நெவ். எவ்வளவு தூரம் போவன்னு பாத்தேன். புத்தகம் வரைக்கும் போவன்னு நினைக்கல. டைப் பண்ணு."

அவர் டைப் செய்தார். இரண்டு விரலால். ஏழு சின்னங்களும் விழுந்ததே தனக்குத் தெரியாது என்றும், மனைவி தைத்தாள் என்றும், தனக்குச் சொல்லவில்லை என்றும், தானும் ஜாக்கெட் இருப்பதை அவளிடம் சொல்லவில்லை என்றும் எழுதினார். எழுதி முடித்துப் படித்தபோது தன் கல்யாணத்தைப் பற்றி இவ்வளவு சுருக்கமாக எங்கும் எழுதியதில்லை என்று தோன்றியது. அனுப்பினார்.

ஐந்து நிமிடம் யாரும் எதுவும் எழுதவில்லை. பத்து நிமிடம். ரேலீன் பட்டாணி உரித்தாள்.

"சட்டம் தெளிவானது" என்று கோடாரி எழுதினார்.

நெவில் கம்ப்யூட்டரை அணைக்கக் கையை நீட்டினார். அதற்குள் இன்னொரு வரி வந்தது. பனிப்பிணம்.

"கேள்வி: முதுகுச் சின்னம் தோல். அதில் ஊசி எப்படி இறங்கியது? எனக்கு நான்கு ஊசி உடைந்தது."

"தள்ளு" என்றாள் ரேலீன்.

"இது என் கணக்கு, ரே."

"தள்ளுன்னேன்." அவள் பத்து விரலாலும் அடித்தாள். தோலுக்கு முப்பட்டை முனையுள்ள ஊசி. முதலில் ஆணியால் ஓட்டை குத்திக்கொள்ள வேண்டும். நூலில் மெழுகு தேய்க்க வேண்டும். அவசரப்படக் கூடாது.

கிளாஸ்கோவிலிருந்து ஒருவர்: அம்மா, அக்குளில் கிழிந்தால்? சாவோ பாலோவிலிருந்து ஒருவர்: என் ஜாக்கெட் வயிற்றுப் பக்கம் பத்தவில்லை, பக்கவாட்டில் துணி விடலாமா, அது சட்டப்படி குற்றமா? ரேலீன் ஒவ்வொருவருக்கும் பதில் எழுதினாள். அந்த வயிற்றுக்காரருக்கு மட்டும் கொஞ்சம் நீளமாக எழுதினாள். நாற்பது கிழவர்கள் வரிசையில் நின்றார்கள். நெவில் பட்டாணி உரித்தார்.

ஒன்று ஐம்பத்தாறுக்குக் கோடாரி எழுதினார்: "அம்மையாருக்கு. என் முதுகுச் சின்னம் இடது ஓரத்தில் இரண்டு வருடமாகத் தொங்குகிறது. தனியாள். எனக்குத் தையல் வரவில்லை. இதை இங்கே இதுவரை சொன்னதில்லை." அடுத்த வரி: "இரண்டாம் சட்டம் திருத்தப்படுகிறது. அவரவர் கையால், அல்லது அவரோடு குப்பை கொட்டும் கையால். கிரேன் அரக்கன் உறுப்பினராகிறார்." கொஞ்ச நேரம் கழித்து: "அம்மையாரும்."

திரையில் நெவிலின் பெயர் மாறியது. யாரோ மாற்றியிருந்தார்கள். 'ரேலீனின் வீட்டுக்காரர்' என்று இருந்தது.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் ரேலீன்.

மூன்று, இரண்டு, ஒன்று. முதல் நாள் எழுதிய அதே பழைய தட்டில் நெவில் ஊசியை வைத்தார். ஹெட்போன் ஒன்றுதானே இருக்கிறது என்று ரேலீன் அதைப் பிடுங்கிவிட்டு ஸ்பீக்கரைத் திருகினாள். கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. வேலியில் உட்கார்ந்திருந்த மேக்பை பறந்துபோனது. மூன்றாவது பாட்டில் டிரம்ஸ் நின்றது. ஒரு மூச்சு. நெவிலின் தலை தானாகப் பக்கத்தில் திரும்பியது.

ரேலீன் ஒரு பட்டாணியை வாயில் போட்டுக்கொண்டு தலையாட்டினாள். சரியான இடத்தில். டிரம்ஸ் இறங்கியது. திரையில் பின்லாந்தும் டனீடினும் சாவோ பாலோவும் ஒரே சமயத்தில் ஆர்ப்பரித்தன. நெவில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பட்டாணித் தூசி என்று சொன்னார். பட்டாணியில் ஏது தூசி என்று அவள் கேட்கவில்லை.

தட்டு முடிந்ததும் கோடாரி கடைசிக் கேள்வியைக் கேட்டார். பதிவேட்டுக்காக. மூன்றாம் சட்டம்?

இதில் நெவிலுக்குச் சந்தேகமே இல்லை. தையல் போனால் போகட்டும். பெயர் போனால் போகட்டும். இது ஒன்று அவருடையது. நிமிர்ந்து உட்கார்ந்து, அடித்து, சத்தமாகப் படித்தார்.

"'நாற்பத்தொரு வருடம். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டதில்லை. 1987-இல் என் தலையில் கவிழ்ந்த பீரின் மணம் இன்றும் அப்படியே இருக்கிறது.' எப்படி, ரே?"

ரேலீன் கிண்ணத்தைப் பார்த்தாள்.

"அனுப்பு நெவ். அழகா இருக்கு."

அனுப்பினார். உலகம் முழுக்க இருநூறு பேர் கையுயர்த்தி வணக்கம் போட்டார்கள்.

"வருஷத்துக்கு ரெண்டு தடவை" என்றாள் அவள்.

"என்ன ரெண்டு தடவை?"

"நீ நைட் ஷிப்ட் முடிச்சுத் தூங்கறப்போ. ரிட்டயர் ஆனப்புறம், நீ டிராகி வீட்டுக்குப் போறப்போ. மடியில வெச்சுத் தைக்க வேண்டாமா? ஆட்டுப் புழுக்கைலேர்ந்து எடுத்தது."

நெவில் ஜாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தார். மெத்தென்றிருந்தது. அந்தக் காலத்துத் துணி.

"ஆனா அந்த வாசனை... நான் வருஷா வருஷம் மோந்து பாத்தேனே."

"காஞ்சதும் கொஞ்சம் பீர் தெளிச்சு வெச்சிடுவேன். இல்லன்னா கண்டுபிடிச்சிடுவியே."

அவர் ஜாக்கெட்டை மூக்கருகே கொண்டுபோனார். மூச்சை உள்ளே இழுத்தார். பீர் மணம் வந்தது, அதே மணம். கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. எதுவானாலும் பீர் பீர்தானே.

"என்ன பீர், ரே?"

"முன்னாடி எது கெடைக்குதோ அது" என்றாள் ரேலீன், பட்டாணித் தோலை வழித்துக்கொண்டே. "இப்ப ரெண்டு வருஷமா டாக்டர் உனக்கு எழுதிக் குடுத்தது. ஆல்கஹால் இல்லாதது."